காவலாளியின் கையெழுத்து: வன்னிப் பாடசாலை ஒன்றின் செய்மதி நிலையம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஓகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் பாடசாலையில் அப்போது மேலதிக வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினேழு பிள்ளைகள் என் கைத்தொலைபேசியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கலம் தரையைத் தொட்டதும் பெங்களூரின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், ரொக்கெட்டைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்தானே? அப்படியென்றால் இந்த மேசைகளில் இருப்பவர்களுக்கு என்ன வேலை?”

“கலத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாகப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஈர்ப்பு விசையையும் வட்ட ஒழுக்கையும் (சுற்றுப்பாதையையும்) கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அந்த மேசைகளின் முன்னால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து 2025 ஓகஸ்ட் வரை எங்கள் பாடசாலையில் நடந்ததை இங்கே பதிகிறேன். இதுபோன்ற முயற்சியில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பிள்ளைகள், பொறியியலாளர், காவலாளி எவருடைய பெயரும் இதில் இல்லை. தவறுகளில் என்னுடையவையும் உண்டு; அவற்றை மறைக்கவில்லை.

பொறியியலாளர்

2024 ஜனவரியில் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் வந்திருந்தார். எங்கள் பாடசாலையில் படித்து, எண்பதுகளின் நடுப்பகுதியில் நாட்டைவிட்டுப் போனவர். ஜேர்மனியில் முதலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். மொழியைக் கற்றுக்கொண்டு, பிந்திய வயதில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விண்வெளிப் பொறியியல் படித்தார். அதன்பின் 27 ஆண்டுகள் விண்கலங்களைத் தரையிலிருந்து இயக்கும் தொழில். ஓய்வு பெற்றதும் தாயார் விட்டுச்சென்ற காணிக்குத் திரும்பி, வீட்டைத் திருத்திக் குடியிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் மாணவி கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. எனக்கே அது விளங்க நான்கு வருடம் பிடித்தது” என்றார்.

அடுத்த கிழமை வகுப்புக்கு வந்து அவர் விளக்கியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் பேசக் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

கலம் புறப்பட்ட பிறகு அதைத் தொட்டுப் பார்க்க எவராலும் முடியாது. தரைக்கு வருவது எண்கள் மட்டுமே: பற்றரியின் மின்னழுத்தம், எரிபொருள் தாங்கியின் வெப்பநிலை, திசையைப் பிடித்துவைக்கும் சக்கரங்களின் வேகம் என்று ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு மேசையும் கலத்தின் ஒரு பகுதிக்குப் பொறுப்பு. ஒருவர் மின்சாரத்தைப் பார்ப்பார், ஒருவர் கலம் நோக்கும் திசையை, இன்னொருவர் தொடர்பாடலை. வேறோர் அறையில் ஒழுக்கைக் கணிப்பவர்கள் இருப்பார்கள். நடுவில் இருக்கும் பணிப்பாளர் முக்கியமான கட்டளைக்கு முன் ஒவ்வொரு மேசையையும் பெயர் சொல்லிக் கேட்பார். ஒரு மேசை “இல்லை” என்றால் கட்டளை போகாது. செவ்வாய்க்குப் போன கலமானால் ஒளிவேகத்தில் போகும் சமிக்ஞை போய்ச் சேரவே, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். கலத்தில் ஒன்று நடந்துவிட்டது என்று நமக்குத் தெரியவரும்போது அது பழைய செய்தி. அதனால் கட்டளை ஒவ்வொன்றும் முன்கூட்டியே எழுதப்பட்டு, கணினியிலுள்ள மாதிரிக் கலத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டு, எழுதியவரல்லாத இன்னொருவரால் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஏவுதலுக்குப் பல மாதங்கள் முன்பே ஒத்திகை தொடங்கிவிடும். ஒத்திகையை நடத்துபவர்கள் வேண்டுமென்றே கோளாறுகளைப் புகுத்துவார்கள். மேசையில் இருப்பவர்களுக்கு எது, எப்போது வரும் என்று தெரியாது.

அவர் தொடங்கியது இரவு வேலையில். பன்னிரண்டு மணி நேர முறை: எண்களைப் பார்த்திருப்பது, நடைமுறைப் புத்தகத்தில் உள்ளபடி கட்டளை அனுப்புவது, நடந்ததைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவது, அடுத்தவரிடம் ஒப்படைப்பது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மின்சாரப் பகுதியின் செயற்பாட்டுப் பொறியியலாளர் ஆனார். நடைமுறைகளை எழுதும் பொறுப்பு அப்போதுதான் கைக்கு வந்தது. கடைசி ஒன்பது ஆண்டுகள் ஒரு கலத்தின் முழுச் செயற்பாட்டுக்கும் முகாமையாளர். போர்க்காலத்தில் ஒரு விடியற்காலை, வேலை நேரத்தில், தந்தை இறந்த செய்தி வந்தது. ஊருக்கு வரப் பாதை இல்லை. மாற்றாள் வந்து ஒப்படைப்புப் பக்கத்தை எழுதி முடிக்கும்வரை மேசையை விட்டு எழவில்லை என்று சொன்னார். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று அன்று நினைத்தேன். சொன்னது சரி என்றே இன்று நினைக்கிறேன். இந்தத் தொழில் என்ன விலை கேட்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நிலையத்தை அமைத்தல்

பேசினால் மட்டும் விளங்காது, ஒரு கலத்தின் நேரத்துக்குத் தங்கள் வாழ்க்கையைப் பொருத்திப் பார்த்தால்தான் விளங்கும் என்றார் அவர். அமெரிக்காவின் நோவா-15, 18, 19 ஆகிய வானிலைச் செய்மதிகள் அப்போது வேலை செய்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 850 கிலோமீற்றர் உயரத்தில், 102 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி, 137 மெகாஹேர்ட்ஸ் அளவில் படங்களை எவரும் வாங்கக்கூடியபடி அனுப்பிக்கொண்டிருந்தன. நாங்கள் அனுப்ப எதுவும் இல்லை, கேட்பது மட்டுமே.

2024 மார்ச்சில் தொடங்கினோம். 53 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு அலுமினியக் கம்பிகளை 120 பாகை கோணத்தில் பிவிசி குழாயில் பூட்டி, தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏற்றினோம். அங்கிருந்து ஆய்வுகூடம் வரை சாதாரணத் தொலைக்காட்சி வயர். டிஜிற்றல் தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட சிறிய யூ.எஸ்.பி. கருவியும் ஒரு பழைய மடிக்கணினியும் மீதி. ஏப்ரலில் முதல் படம் வந்தது. அதன் சத்தத்தை முதலில் கேட்டபோது மணிக்கூடு அடிப்பதுபோல் இருந்தது: வினாடிக்கு இரண்டு வரி, வரிக்கு ஒரு துடிப்பு. வரி வரியாக முகில்கள் இறங்கி, பாக்கு நீரிணையும் மன்னாரின் முனையும் தெரிந்தபோது பிள்ளைகள் பேசவில்லை. தங்கள் ஊரை அந்த உயரத்திலிருந்து, தாங்களே கட்டிய கம்பி வழியாக, அதே நிமிடத்தில் பார்த்தார்கள். செய்மதி நெருங்கும்போது மீடிறன் (அதிர்வெண்) சுமார் 3 கிலோஹேர்ட்ஸ் கூடியும் விலகும்போது குறைந்தும் திரையில் சாய்ந்தது. டொப்ளர் விளைவை அந்த ஆண்டு நான் கரும்பலகையில் வரையத் தேவைப்படவில்லை.

பதினொரு பிள்ளைகள் குழுவில் இருந்தார்கள். செய்மதி தொடுவானத்தில் எழுந்து மறையும்வரையான நேரத்தைக் கடப்பு என்று அழைத்தோம்; உச்சிக்கு அருகே போகும் கடப்பு பதினைந்து நிமிடம் வரை நீளும். ஒவ்வொரு கடப்புக்கும் மூவர்: வானொலிக்கு ஒருவர், பதிவுக்கு ஒருவர், நடுவில் பணிப்பாளர். பொறியியலாளர் இருபத்திரண்டு வரியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை எழுதித் தந்தார். ஏழாம் வரி: “அன்ரெனா வயர் கருவியில் பூட்டப்பட்டுள்ளது.”

முதல் மாதங்களில் அவதானித்தவை

மே மாதம் முழுவதும் பட்டியலை வரி வரியாக வாசித்தார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் கையால் தொட்டுச் சொன்னார். ஜூலையில் வாசிப்பு வேகமானது. செப்ரெம்பரில் வாசிப்பே இல்லை. பணிப்பாளர் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இருபத்திரண்டு சரி போட்டார். எல்லாம் நன்றாகவே நடந்தது. படங்கள் வந்துகொண்டிருந்தன. நான் இதைக் கண்டேன், ஆனால் கண்டிக்கவில்லை. பிள்ளைகள் கைதேர்ந்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். பொறியியலாளரும் கண்டிருக்கிறார். அவர் வாய் திறக்காததற்கு அவரிடம் காரணம் இருந்தது. அது பின்னால் வரும்.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் பிள்ளைகள் வெற்றிகளை மட்டும் எழுதினார்கள். “அழகான படம்”, “முகில் அதிகம்.” படம் மங்கலாக வந்த நாட்களின் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. பிழையை எழுதினால் அது தங்கள் பெயரில் நின்றுவிடும் என்ற பயம். பரீட்சைப் புள்ளியோடு வளர்ந்த பிள்ளைகளிடம் அந்தப் பயம் இருப்பது இயல்பு; அதை வளர்த்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்.

சம்பவம்: 2024 ஒக்டோபர்

ஒக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை காலை பெற்றோரையும் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து இருவரையும் அழைத்திருந்தோம். நோவா-19 இன் நல்ல கடப்பு ஒன்று இருந்தது. முப்பதுபேர்வரை ஆய்வுகூடத்தில் நின்றார்கள். பணிப்பாளர் இருக்கையில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி, இப்போது பதினோராம் தரம்.

பட்டியல் சரி போடப்பட்டது. குறித்த நேரத்தில் செய்மதி எழுந்தது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். முதல் இரண்டு நிமிடம் எவரும் அசையவில்லை, தொடுவானத்தில் சமிக்ஞை மெலிவாகத்தான் இருக்கும். நான்காம் நிமிடமும் இரைச்சல்தான். வானொலிக்கு இருந்த மாணவன் ஒலிப் பெருக்கத்தைக் குறைத்தான். பதிவுக்கு இருந்தவன் மென்பொருளை மூடித் திறந்தான். பின்னாலிருந்து நான், பொறுமை இழந்து, “மற்ற மீடிறனைப் போட்டுப் பார்” என்றேன். 137.100 இலிருந்து 137.9125 க்கு, அதாவது நோவா-18 இன் மீடிறனுக்கு, மாற்றினார்கள். ஒன்பதாம் நிமிடத்தில் மாணவி குனிந்து மேசையின் பின்னால் பார்த்தாள். வயர் கருவியில் பூட்டப்படாமல் தரையில் கிடந்தது.

உடனே பூட்டினாள். படம் வரவில்லை. வயர் சரியாகிவிட்டது, ஆனால் அதற்குள் நாங்கள் மூன்று இடங்களில் கைவைத்திருந்தோம். எதை எங்கே மாற்றினோம் என்று எவரும் எழுதவில்லை. செய்மதி மறையும்போது திரையில் சாம்பல் நிறக் கீறல்கள் மட்டுமே இருந்தன. விருந்தினர்கள் நாகரிகமாக விடைபெற்றார்கள்.

அதன்பின் நான் செய்தது இந்தச் சம்பவத்தின் மிகப் பெரிய பிழை. எல்லோர் முன்னிலையிலும், “யார் கழற்றியது?” என்று உரத்துக் கேட்டேன். வானொலிக்கு இருந்த மாணவன் தலையைக் குனிந்தான். அவன் கழற்றவில்லை. ஆனால் மூன்று கிழமை நிலையத்துக்கு வரவில்லை.

மீளாய்வும் முடிவுகளும்

திங்கள் பின்னேரம் பொறியியலாளர் எல்லோரையும் வட்டமாக இருத்தினார். தொடங்குவதற்கு முன் ஒரு நிபந்தனை: எவருடைய பெயரும் சொல்லக்கூடாது, ஆள் பற்றிய கேள்வி கூடாது. வயர் கடைசியாகப் பூட்டியிருந்தது எப்போது என்று உறுதியாகத் தெரியும்? கழன்றது எப்போது தெரிந்திருக்கலாம்? தெரியவிடாமல் தடுத்தது எது? இவை மட்டும்.

வெள்ளி இரவு இடியும் மின்னலும் இருந்தன. ஒக்டோபரில் வன்னியில் அது வழமை. விசாரித்தபோது பாடசாலைக் காவலாளி, அறுபது வயதைத் தாண்டிய மனிதர், தானாகவே வந்து சொன்னார்: “ஐயா, மின்னல் விழுந்தால் பெட்டி எரிந்துபோகும் என்று பயந்து நான்தான் வயரைக் கழற்றிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று தெரியாது.” அவர் செய்தது சரியான காரியம். கருவியையும் கணினியையும் அவர் காப்பாற்றியிருக்கலாம்.

அப்போது பொறியியலாளர் நாங்கள் தவறவிட்ட அதே நோவா-19 இன் கதையைச் சொன்னார். 2003 செப்ரெம்பர் 6 அன்று, கலிபோர்னியாவில் கட்டுமானம் நடந்த தொழிற்சாலையில், அந்தச் செய்மதியை நிமிர்ந்த நிலையிலிருந்து படுக்கை நிலைக்குத் திருப்பினார்கள். அதைத் தாங்கிய வண்டியில் இருக்க வேண்டிய 24 ஆணிகள் அங்கே இல்லை. முன்னதாக வேறொரு வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தன; கழற்றியது எழுதப்படவில்லை. திருப்பிய குழுவின் பட்டியலில் ஆணிகளைச் சரிபார்க்கும் வரி இருந்தது. பார்க்காமலே சரி போடப்பட்டிருந்தது. செய்மதி சுமார் மூன்று அடி உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. திருத்தச் செலவு 135 மில்லியன் டொலர். 2009 பெப்ரவரி 6 அன்றுதான் அது விண்ணுக்குப் போனது.

“எங்களுடைய ஏழாம் வரியும் அவர்களுடைய அந்த வரியும் ஒன்றுதான்” என்றார். செப்ரெம்பரில் ஒரே இழுப்பில் சரி போட்டதைக் கண்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒத்திகையில் விழவேண்டிய பிழை ஒத்திகையிலேயே விழட்டும் என்று காத்திருந்தாராம். விருந்தினர் முன்னிலையில் விழும் என்று எண்ணவில்லை, அது தன் கணிப்பின் பிழை என்றார். அவரே எழுதச் சொன்னதால் அதுவும் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது.

சோஹோ கலத்தின் கதையையும் சொன்னார். சூரியனை ஆராயும் அந்தக் கலம் 1998 ஜூன் 25 அன்று தொடர்பிழந்தது. வழமையான ஒரு வேலையின்போது கலம் தானாகவே அவசர நிலைக்குப் போனது. அவசரத்தில் மீட்க முயன்றவர்கள், சுழற்சியை அளக்கும் கருவிகளில் நல்லதைப் பழுதென்று எண்ணி நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 3 அன்றுதான் அதன் சமிக்ஞை மறுபடி கேட்டது. உறைந்த எரிபொருளை இளக்கி, செப்ரெம்பர் நடுப்பகுதியில் கலத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினார்கள். நான்காம் நிமிடத்தில் எங்கள் அறையில் நடந்ததும் அதே வகை. தரவு போதாதபோது கை பரபரக்கிறது.

எடுத்த முடிவுகளில் மூன்று முக்கியமானவை. கடப்பின் நடுவில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதிய பின்பே அடுத்தது. பட்டியலை வாசிப்பவர் ஒருவர், தொட்டுப் பார்ப்பவர் வேறொருவர். “பூட்டியிருக்கிறது” என்று சொல்லாமல் “கண்ணால் பார்த்தேன்” என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முடிவில் எனக்குத் தயக்கம் இருந்தது: காவலாளியும் குழுவில் சேர்வது, பதிவுப் புத்தகம் இரவில் அவரிடம் இருப்பது. அவர் ஐந்தாம் தரத்துடன் படிப்பை நிறுத்தியவர். “என் எழுத்து பிள்ளைகளின் புத்தகத்தில் எதற்கு?” என்று மறுத்தார். பொறியியலாளர் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, “அண்ணை, இரவில் அந்த அறைக்குப் பொறுப்பு நீங்கள். உங்களிடமிருந்து எழுத்தில் வாங்காமல் காலையில் நாங்கள் தொடங்க முடியாது” என்றார்.

அடுத்த இடி இரவின் பதிவு இது: “இரவு 9.40. மின்னல். வயர் கழற்றினேன். காலை பூட்ட வேண்டும்.” அந்தப் புத்தகத்தில் அதைவிடத் தெளிவான பதிவை நான் இன்னும் காணவில்லை.

வன்னியில் ஆவணத்தின் அருமையை எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருந்த பையைத்தான் எங்கள் தாய்மார் முதலில் எடுத்தார்கள். தாங்கள் எழுதும் பக்கமும் அந்தப் பையில் வைக்கத் தகுந்தது என்பதை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. மங்கலான படங்களுக்கும் பக்கங்கள் நிரம்பத் தொடங்கின. நான் வானொலி மாணவனின் வீட்டுக்குப் போய் அவனிடமும் அவனுடைய தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வந்தான்.

நவம்பர் மழை

2024 நவம்பர் கடைசிக் கிழமையில் வங்காள விரிகுடாவில் உருவாகிப் பின்னர் ஃபெங்கல் புயலாகிய தாழமுக்கம் வடக்கை நனைத்தது. உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. அந்தத் தாழமுக்கத்தை மேலிருந்து படம் பிடிக்கப் பிள்ளைகள் துடித்தார்கள். இப்படியொரு வாய்ப்பு திரும்ப வராது என்று எனக்கும் ஆசை. பணிப்பாளர் முறைப்படி ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்டாள். வீதியில் வெள்ளம் என்றான் ஒருவன். மின்னல் என்றார் காவலாளி. “இல்லை” என்று முடிவெடுத்து அன்ரெனாவை இறக்கச் சொன்னாள். பொறியியலாளர் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. புயலின் படம் எங்களிடம் இல்லை.

இரண்டாம் தவறு: 2025 பெப்ரவரி

இந்தப் பகுதியைப் பொறியியலாளரே எழுதச் சொன்னார். மருத்துவத்துக்காக அவர் இரண்டரை மாதம் ஜேர்மனிக்குப் போனார். போன ஐந்தாம் நாள் ஒரு மாணவன் யூ.எஸ்.பி. கருவியை மடிக்கணினியின் வேறொரு துளையில் செருகினான். கணினி அதைத் தொலைக்காட்சிக் கருவி என்று எண்ணித் தன் சொந்த மென்பொருளை நிறுவிக்கொண்டது. எங்கள் வானொலி மென்பொருளுக்குக் கருவி தெரியவில்லை. இதைச் சரிசெய்ய ஐந்து நிமிட வேலை போதும். அந்த வேலையை முன்பு பலமுறை பொறியியலாளர் செய்திருக்கிறார், நாங்கள் பார்த்தும் இருக்கிறோம், எங்கும் எழுதவில்லை. கருவியின் மீடிறன் பிழைக்கு அவர் போட்ட திருத்த எண்ணும் அவருடைய தலைக்குள் மட்டுமே இருந்தது.

பத்தொன்பது நாள் நிலையம் ஊமையாக இருந்தது. அவர் மருத்துவமனையில் இருந்ததால் தொந்தரவு செய்யக்கூடாது என்று முடிவெடுத்தோம். மாணவி மற்ற இருவரோடு சேர்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, எழுதி, மறுபடி மாற்றி, இருபதாம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். புத்தகத்தில் பதினொரு பக்கம். அதிலிருந்து அவர்கள் எழுதிய நடைமுறைதான் இன்றும் பாவனையில் இருக்கிறது.

திரும்பி வந்து அந்தப் பக்கங்களை வாசித்தபோது அவருடைய கண் கலங்கியது. “27 வருடம் மற்றவர்களிடம் ஒப்படைப்பு எழுது, எழுது என்று சொன்னவன், இங்கே எழுதாமல் போய்விட்டேன்” என்றார். ஊர், பிள்ளைகள், சிறிய நிலையம் என்பதால் அது தேவைப்படாது என்று தான் எண்ணியதாகவும், அந்த எண்ணம் எங்களைக் குறைத்து மதித்ததற்குச் சமம் என்றும் பதிவில் எழுதினார்.

தொழில் பற்றிய உரையாடல்கள்

மே மாதம் பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தோம். இந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்பதே எல்லோருடைய கேள்வி. விண்வெளிப் பொறியியல் மட்டும் வழியல்ல என்றார் அவர். தன்னோடு மேசைகளில் இருந்தவர்கள் பௌதிகவியல், மின்னியல், கணினி, கணிதம் படித்தவர்கள். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தால் அறிவியல் நகரில், எங்கள் மாவட்டத்திலேயே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. தொடக்கம் அங்கிருந்தும் ஆகலாம். இலங்கையின் முதல் செய்மதியான இராவணா-1, ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர் கனசதுரம், இலங்கைப் பொறியியலாளர்கள் இருவரால் ஜப்பானில் கட்டப்பட்டு 2019 ஜூன் 17 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டதையும் சொன்னார்.

தடையையும் மறைக்கவில்லை. அரச விண்வெளி நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் நாட்டவரை அல்லது உறுப்பு நாட்டவரையே சேர்க்கும். தனக்கு வேலை கிடைக்கும்போது ஜேர்மன் குடியுரிமை இருந்தது. தொடர்பாடல் செய்மதிகளை நடத்தும் தனியார் நிறுவனங்களில் கதவு சற்று அகலம். ஒரு தாய் எழுந்து, “அப்படியென்றால் பிள்ளைக்கு ஏன் ஆசை காட்டுகிறீர்கள்?” என்று நேராகக் கேட்டார். ஞாயமான கேள்வி. மின்நிலையம், மருத்துவமனை, நீர் வழங்கல் என்று இடைவிடாமல் ஓடும் எந்த இடத்திலும் இதே ஒழுக்கம் வேண்டும், அங்கெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது என்று பதில் சொன்னார். அந்தத் தாய் முழுதாகச் சமாதானமடைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பதினொருவரில் இன்று நால்வர் உயர்தரக் கணிதப் பிரிவில் இருக்கிறார்கள், இருவர் தொழில்நுட்பப் பிரிவில். ஒருவன் படிப்பை விட்டு மேசன் வேலைக்குப் போனான். நாளுக்கு எத்தனை கல், எத்தனை பை சீமெந்து என்று கொப்பியில் எழுதுவதாகச் சொன்னான். கேள்வி கேட்ட மாணவி கணிதப் பிரிவில்.

மீண்டும் தொடங்குவதானால்

காவலாளியை முதல் நாளே அழைத்திருப்பேன். நிலையத்துக்கு அருகே போகும் எவரும் நிலையத்தின் ஆள்தான். அன்ரெனா ஏறிய நாளில் இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடப்பின்போது ஆசிரியர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை எழுத்தில் வைப்பேன். அன்று மீடிறனை மாற்றச் சொன்னது என் வாய். பிள்ளைகள் ஆசிரியரை மறுத்துப் பேசமாட்டார்கள், ஆகவே என் சொல் அவர்களுடைய தீர்ப்பை அழித்தது.

விருந்தினரை அழைப்பதற்கு முன் வேண்டுமென்றே கோளாறு புகுத்திய ஒத்திகைகள் நடத்தியிருப்பேன். இப்போது மாதம் ஒரு முறை நடத்துகிறோம். கோளாறைத் தேர்ந்தெடுப்பவர் காவலாளி. பொறியியலாளர் வந்த முதல் மாதத்திலேயே அவர் இல்லாத ஒரு கிழமையை அமைத்துப் பார்த்திருப்பேன். இன்னொரு விடயம் இன்னும் மனத்தை அரிக்கிறது. குழுவில் மிகத் திறமையான ஒரு பிள்ளை, தொழில் பற்றிய கூட்டம் நடப்பதற்கு முன்பே, வீட்டார் சொற்படி வேறு பிரிவைத் தெரிவுசெய்துவிட்டாள். அந்தக் கூட்டம் ஓராண்டு முன்பே நடந்திருக்க வேண்டும்.

கடைசிக் கடப்புகள்

2025 ஜூனில் நோவா-18 நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 13 அன்று நோவா-19. நோவா-15 மட்டும் எஞ்சியது. 1998 மே 13 அன்று இரண்டு ஆண்டு வேலைக்கென்று ஏவப்பட்டு 27 ஆண்டுகள் உழைத்த கலம். அதன் படங்களில் பல மாதங்களாகவே இடையிடையே கீறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கலத்தை முடிப்பதும் செயற்பாட்டு வேலைதான் என்று பொறியியலாளர் விளக்கினார். எஞ்சியிருக்கும் சக்தியை வடித்து, ஒலிபரப்பியை அணைத்து, பிற்காலத்தில் வெடித்துச் சிதறாதபடி கலத்தை அமைதியாக்க வேண்டும். அதற்கும் நடைமுறைப் புத்தகம் உண்டு, அந்தக் கடைசிக் கட்டளையையும் இருவர் சரிபார்ப்பார்கள். தன் கலத்துக்கு அந்தக் கட்டளை போன நாளில் அறையில் எவரும் கைதட்டவில்லை என்றார்.

ஓகஸ்ட் 19 அன்று நோவா-15 நிறுத்தப்பட்டது. ரஷ்யாவின் மீற்றியோர் செய்மதிகளின் சமிக்ஞையை அதே அன்ரெனாவில் எடுக்கப் பிள்ளைகள் ஏற்கெனவே பழகிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் 20ஆம் திகதி, கணிப்பின்படி நோவா-15 எழவேண்டிய நேரத்தில், மூவரும் இருக்கைகளில் அமர்ந்தார்கள். இருபத்திரண்டு வரியையும் ஒருத்தி வாசிக்க மற்றவன் தொட்டுச் சொன்னான். காவலாளி வாசலில் நின்றார். தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை இரைச்சல் மட்டுமே கேட்டது. மாணவி புத்தகத்தை இழுத்து நேரத்தைக் குறித்து எழுதினாள்: “சமிக்ஞை இல்லை. வயர் பூட்டியிருக்கிறது, கண்ணால் பார்த்தோம்.”